எடை குறைக்க ஆப்: நிறுவும் நாள் முதல் நிறுத்தும் நாள் வரை

எடை குறைக்கும் ஆப் எதை இறக்கினாலும், பத்து நிமிடத்துக்குள் அது ஓர் எண்ணைக் காட்டிவிடும்: ஒரு நாளைக்கு இத்தனை கலோரி. அந்த எண் உங்கள் உடம்பை அளந்து வந்ததில்லை. நீங்கள் கொடுத்த உயரம், எடை, வயது, பாலினம், ‘எவ்வளவு நடமாடுகிறீர்கள்’ என்ற கேள்விக்கு உத்தேசமாகச் சொன்ன பதில், இவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுத்தது. அதையே வேதவாக்காக வைத்து ஒரு மாதம் ஓட்டி, எடை அசையாததும் ஆப்பையும் முயற்சியையும் சேர்த்துக் கைவிடுபவர்கள் ஏராளம். பெரும்பாலும் அவர்களுடைய உழைப்பில் குறை இருப்பதில்லை. கணக்கில்தான் எங்கோ ஓட்டை. அந்த ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும், எந்த வரிசையில் அடைக்க வேண்டும், எவ்வளவு நாளாகும், எங்கே பணம் கழியும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நேரக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் அமைக்க ஒரு மணி நேரம். முதல் வாரம் உணவைப் பதிய தினம் 15 நிமிடம். பழகிவிட்டால் 5 நிமிடம். ஆப் கொடுத்த எண்ணைத் திருத்தி உங்களுக்கான எண்ணைக் கண்டுபிடிக்க ஆறு வாரம். இதைவிடச் சீக்கிரம் முடிவு தெரியும் என்று எந்த விளம்பரம் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

1. ஆப்பைத் தொடும் முன் டாக்டரைக் கேட்க வேண்டியவர்கள்

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை மிகவும் இறக்கக்கூடிய கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து உண்டு. மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைக்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரையும் அப்படித்தான்: எடை இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும், பழைய அளவு மாத்திரை கூடுதலாகிப்போகும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆப் சொல்லும் கலோரிக் கட்டுப்பாட்டைத் தாமாகத் தொடங்க வேண்டாம். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது போன்ற உணவுக் கோளாறு எப்போதாவது இருந்தவர்களுக்கு கலோரி எண்ணும் ஆப்பே பாதகம். அந்த எண்கள் பழைய நோயைக் கிளறிவிடும். அவர்களுக்கு நடக்கும் அடிகளையும் உடற்பயிற்சியையும் மட்டும் பதியும் ஆப் போதும்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

உயரத்தை இன்று அளந்து எழுதுங்கள். பள்ளி நாளில் அளந்தது, ஏதோ ஒரு சான்றிதழில் இருப்பது எல்லாம் வேண்டாம். காலை எடை. இடுப்புச் சுற்றளவு: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் பார்க்க வேண்டும். தொப்புளை அடையாளமாக வைத்தால் உடல்வாகைப் பொறுத்து இடம் மாறும். எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் பட்டியல். ஏற்கெனவே எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதைப் படமெடுத்து ஃபோனில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட அதுதான் உதவும். தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பது தெரியாமல் ஆப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதும் நடக்கும்.

கருவிகள் இரண்டு. 100 கிராம் வித்தியாசம் காட்டும் டிஜிட்டல் எடை மெஷின். 1 கிராம் வரை காட்டும், பாத்திரத்தை வைத்தபின் பூஜ்யமாக்கும் பட்டன் உள்ள சமையலறைத் தராசு. ஸ்மார்ட் வாட்ச் இப்போதைக்கு வேண்டாம். செலவு செய்வதாக இருந்தால் முதலில் தராசுக்குச் செய்யுங்கள். கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின் உடம்பில் மெல்லிய மின்சாரத்தைப் பாய்ச்சித்தான் கணக்கிடுகிறது. தண்ணீர் குடித்திருக்கிறீர்களா, வியர்த்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தே அந்த எண் ஏறி இறங்கும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அந்த வகை மெஷினில் ஏறவே கூடாது.

இன்னொன்று: இதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

3. எந்த ஆப்?

‘எது சிறந்தது’ என்று தேடி ஏழெட்டை இறக்குவதுதான் முதல் பொறி. ஒரு வேலைக்கு ஒன்று. மொத்தம் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

உணவுக்கு: மை ஃபிட்னஸ் பால், க்ரோனோமீட்டர், லூஸ் இட், ஃபேட் சீக்ரெட் ஆகியவற்றில் ஒன்று. மை ஃபிட்னஸ் பாலில் உணவுப் பட்டியல் மிகப் பெரியது. ஆனால் அதில் பெரும்பங்கு பயனர்களே சேர்த்தது, அதனால் பிழைகளும் அதிகம். பார்கோடு ஸ்கேன் 2022 அக்டோபரிலிருந்து கட்டணப் பகுதிக்குப் போய்விட்டது. க்ரோனோமீட்டரில் பட்டியல் சிறியதென்றாலும் ஒவ்வொரு உணவின் தகவலும் எந்தத் தரவுத்தளத்திலிருந்து வந்தது என்று காட்டும். வைட்டமின், தாது விவரமும் கிடைக்கும். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் பத்து உணவுகளை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆப்பிலும் தேடிப் பாருங்கள். எதில் ஏழெட்டாவது சரியாக அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். வேறு ஒப்பீடு எதுவும் தேவையில்லை.

அடிகளுக்குத் தனி ஆப் வேண்டியதில்லை. ஐஃபோனில் ஹெல்த் ஆப், ஆண்ட்ராய்டில் ஃபோனோடு வரும் ஆப் போதும். எடையின் போக்கைப் பார்க்க ஆண்ட்ராய்டில் லிப்ரா, ஐஃபோனில் ஹேப்பி ஸ்கேல். எடை தூக்கும் பயிற்சிக்கு ஹெவி, ஸ்ட்ராங் போன்றவை. உடற்பயிற்சி ஆப்பை மூன்றாம் வாரத்துக்குப் பிறகு சேர்த்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எல்லாமும் ஒரே நாளில் நின்றுபோகும்.

4. பணம்: ட்ரயலும் சந்தாவும்

முதல் மாதம் கட்டணம் எதுவும் கட்டாதீர்கள். உணவு, எடை, அடி மூன்றையும் இலவசப் பகுதியிலேயே பதிய முடிகிறதா என்று பாருங்கள்; முடியவில்லை என்றால் ஆப்பை மாற்றுங்கள். கட்டணத் திட்டத்தில் விற்கப்படும் ‘உங்களுக்கென்றே வடித்த டயட் பிளான்’ பெரும்பாலும் அதே சூத்திரத்தின் விடைதான்.

ட்ரயல் எடுத்தே ஆக வேண்டுமானால் இந்த நான்கையும் நினைவில் வையுங்கள்.

ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. பணம் கழிந்துகொண்டேதான் இருக்கும். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குள் போய் ரத்து செய்ய வேண்டும். ஐஃபோனில் செட்டிங்ஸ், உங்கள் பெயர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ்.

ஆப்பிள் வழியாக எடுத்த ட்ரயலை அது முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்ய வேண்டும். கடைசி நாளுக்கு அலாரம் வைத்தால் தாமதமாகிவிடும். இரண்டு நாள் முன்பே ஒலிக்கும்படி வையுங்கள்.

நிறுவனத்தின் இணையதளத்தில் கார்டு கொடுத்துச் சேர்ந்திருந்தால் அது ஸ்டோரின் பட்டியலில் தெரியவே தெரியாது. அந்தத் தளத்துக்குள் போய்த்தான் நிறுத்த முடியும். ‘ஸ்டோரில் பார்த்தேன், சந்தா எதுவும் இல்லை’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

திரையில் மாதக் கட்டணம் போலப் பெரிதாகக் காட்டி, கீழே சின்ன எழுத்தில் ‘ஆண்டுக்கு ஒருமுறை வசூலிக்கப்படும்’ என்றிருக்கும். விரல் ரேகை வைக்கும் முன் ஸ்டோரின் உறுதிப்பெட்டியில் தெரியும் தொகையைப் படியுங்கள். அந்தத் தொகைதான் கழியும்.

5. அனுமதிகளும் பேட்டரியும்

‘நேற்று நடந்தேன், ஆப்பில் அடியே ஏறவில்லை’ என்றால் பெரும்பாலும் கோளாறு இங்கேதான்.

ஆண்ட்ராய்டில் ஃபிசிக்கல் ஆக்டிவிட்டி என்ற அனுமதியைக் கொடுக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்பதில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் பேட்டரியை மிச்சப்படுத்த ஃபோன் ஆப்பைத் தூங்கவைத்துவிடும். அதே பக்கத்தில், பயன்படுத்தாத ஆப்பின் அனுமதியைப் பறிக்கும் தேர்வையும் அணைத்து விடுங்கள். ஐஃபோனில் ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் மோஷன் அண்ட் ஃபிட்னஸ். ஃபிட்னஸ் ட்ராக்கிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆப்கள் ஒன்றோடொன்று பேச ஐஃபோனில் ஹெல்த் ஆப், ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட். ஆண்ட்ராய்டு 14 முதல் ஹெல்த் கனெக்ட் ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தைய ஃபோன்களில் ப்ளே ஸ்டோரிலிருந்து இறக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபோன், வாட்ச், இன்னோர் ஆப் மூன்றும் ஒரே நடையை எழுதினால், அடிகள் இரட்டிப்பாகத் தெரியலாம். ஹெல்த் ஆப்பிலும் ஹெல்த் கனெக்டிலும் எந்த மூலத்துக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தும் இடம் உண்டு. அதில் ஒன்றை மேலே வைத்துவிட்டு, 500 அடி எண்ணி நடந்து பாருங்கள். திரையில் 480 முதல் 520 வரை காட்டினால் சரி. 1,000 காட்டினால் இரண்டு மூலங்கள் சேர்ந்து எழுதுகின்றன.

6. முதல் ஏழு நாள்: எதையும் மாற்றாதீர்கள்

வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போல நடந்து, எல்லாவற்றையும் பதியுங்கள். ஆப் சிவப்பில் எச்சரித்தாலும் பொருட்படுத்த வேண்டாம். இந்த ஏழு நாளின் சராசரிக் கலோரியும் சராசரி அடியும்தான் உங்கள் தொடக்கப் புள்ளி. இதைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு எங்கே வெட்டுவது என்றே தெரியாது. பதிவைப் பார்த்தால்தான் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று புரியும்: ஒருவருக்கு எண்ணெய், இன்னொருவருக்குச் சர்க்கரை போட்ட பானம், வேறொருவருக்கு இரவு பத்து மணிக்கு மேல் கொறிப்பது.

7. உணவைப் பதிவது: பிழை அதிகம் நுழையும் இடம்

பச்சையா, வேகவைத்ததா என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். 100 கிராம் பச்சரிசியில் ஏறக்குறைய 360 கலோரி. அது வெந்து தண்ணீரை இழுத்துச் சோறானபின் 100 கிராமில் ஏறக்குறைய 130தான். அரிசியாக 100 கிராம் நிறுத்துவிட்டு ‘சோறு 100 கிராம்’ என்று பதிந்தால் ஒரே வேளையில் 230 கலோரி காணாமல் போகிறது. இறைச்சியில் இது தலைகீழ்: வேகும்போது தண்ணீர் வெளியேறி எடை குறைவதால், வெந்தபின் நிறுத்ததைப் பச்சையாகப் பதிந்தால் கணக்கு குறையும்.

எண்ணெயை ஊற்றிப் பழகியவர்கள் அளந்து பழக வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், 120 கலோரி. சுலபமான வழி: எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். கழித்தல் குறியோடு தெரியும் எண்தான் நீங்கள் ஊற்றிய கிராம்.

பல பொருள் சேர்த்துச் சமைப்பதற்கு ஆப்பில் ரெசிபி என்ற பகுதி உண்டு. பொருள்களைப் பச்சையாக நிறுத்து ஒவ்வொன்றாகச் சேருங்கள். வெறும் பாத்திரத்தின் எடையை முன்பே எடுத்து எழுதி வையுங்கள் (ஒருமுறை எடுத்தால் என்றைக்கும் பயன்படும்). சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழியுங்கள். எடுத்துக்காட்டாக, மொத்தம் 1,860 கலோரி, சமைத்தபின் 1,240 கிராம் என்றால் ஒரு கிராமுக்கு 1.5 கலோரி. உங்கள் தட்டில் 300 கிராம் விழுந்தால் 450. இதை ஆப்பே செய்ய, ‘எத்தனை பேருக்கு’ என்ற கட்டத்தில் 1,240 என்று போடுங்கள். ஒரு பங்கு ஒரு கிராமாகிவிடும், பிறகு 300 பங்கு சாப்பிட்டதாகப் பதிந்தால் சரி. குடும்பத்துக்கே சேர்த்துச் சமைக்கும் வீட்டில் இதைவிட நேர்மையான வழி இல்லை.

பட்டியலில் இருப்பதைச் சரிபார்க்க ஒரு கணக்கு: புரதம் கிராமுக்கு 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9 கலோரி. ஓர் உணவில் புரதம் 10, மாவுச்சத்து 30, கொழுப்பு 12 கிராம் என்றிருந்தால் 40, 120, 108 சேர்ந்து 268 வர வேண்டும். ஆப்பில் 180 என்று இருந்தால் யாரோ தப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். அதை விட்டு வேறொன்றைத் தேடுங்கள். நார்ச்சத்து மிகுந்த உணவில் சிறிய வித்தியாசம் வரும், அது பரவாயில்லை. மதுவிலுள்ள ஆல்கஹாலில் கிராமுக்கு 7 கலோரி. இந்த மூன்று கட்டத்திலும் அது தெரியாது.

பாக்கெட் உணவின் லேபிளில் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்று பாருங்கள். ஒரு பாக்கெட்டில் இரண்டரைப் பரிமாறல் இருப்பது சாதாரணம். சில லேபிள்களில் கிலோ ஜூல் மட்டும் இருக்கும், அதை 4.184ஆல் வகுத்தால் கலோரி.

படமெடுத்தால் கலோரி சொல்லும் ஏ.ஐ. வசதி இப்போது பல ஆப்களில் வந்துவிட்டது. உணவின் பெயரை அடையாளம் காண அது உதவும். ஆனால் கேமராவுக்குக் கிண்ணத்தின் ஆழம் தெரியாது, உள்ளே ஊறியிருக்கும் எண்ணெயும் தெரியாது. பெயரை அதனிடம் வாங்கிக்கொண்டு, எடையைத் தராசில் எடுங்கள்.

வெளியில் சாப்பிட்ட நாளை வெற்றாக விடக் கூடாது. நெருக்கமான ஒன்றைத் தேர்ந்து, எண்ணெய்க்காக ஒரு மேசைக்கரண்டி கூடுதலாகச் சேர்த்துப் பதியுங்கள். வெற்று நாளைப் பூஜ்யமாக எண்ணிச் சராசரி எடுக்கும் ஆப்கள் உண்டு. அப்போது வாரச் சராசரியே பொய்யாகிவிடும்.

8. கலோரி இலக்கை வைப்பது

பல ஆப்கள் பயன்படுத்துவது 1990இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜோர் சூத்திரம். கிலோவில் எடையை 10ஆல் பெருக்கி, செ.மீ. உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். பிறகு ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். 40 வயது, 160 செ.மீ., 72 கிலோ உள்ள பெண்ணுக்கு: 720 + 1,000 − 200 − 161 = 1,359. அசையாமல் படுத்திருந்தாலும் உடல் செலவழிக்கும் கலோரி இது.

இனித்தான் பொறி. இதை நடமாட்ட அளவால் பெருக்குவார்கள். உட்கார்ந்தே வேலை என்றால் 1.2, அப்போது 1,631. நடுத்தர உழைப்பு என்றால் 1.55; அப்போது 2,106. இரண்டுக்கும் வித்தியாசம் 475 கலோரி. எடை குறைக்க நீங்கள் வெட்ட நினைக்கும் மொத்த அளவே ஏறக்குறைய அவ்வளவுதான். வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி செய்தாலும் மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் என்றால், குறைந்த அளவையே தேர்ந்தெடுங்கள்.

ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டும். ஆப் ‘வாரம் ஒரு கிலோ’ என்ற தேர்வைக் கொடுத்தாலும் அதைத் தொடாதீர்கள். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200க்கும் ஆண்கள் 1,500க்கும் கீழே இறங்க வேண்டாம். சிறிய உடம்புக்காரர்களுக்கு வாரம் கால் கிலோ, 300 கிராம்தான் நியாயமான வேகம். அதைக் குறைவென்று நினைக்காதீர்கள்.

புரத இலக்கைக் கையால் மாற்றுங்கள்: உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம். எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரையாமல் காப்பது இதுவும் எடை தூக்கும் பயிற்சியும்தான்.

9. உடற்பயிற்சிக் கலோரியைத் திரும்பச் சாப்பிடாதீர்கள்

நடந்து முடித்ததும் ஆப் ‘இன்னும் 300 கலோரி சாப்பிடலாம்’ என்று பச்சையில் காட்டும். கணக்கு உடைவது பெரும்பாலும் இதனால்தான். காரணங்கள் மூன்று.

ஸ்டான்ஃபோர்டில் 2017இல் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. எரித்த கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது; மோசமானது 93 சதவீதம்.

அடுத்து, காட்டும் எண்ணுக்குள் நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரித்திருக்கும் பங்கும் சேர்ந்திருக்கலாம். 72 கிலோ உள்ளவர் மணிக்கு 5.6 கி.மீ. வேகத்தில் அரை மணி நடந்தால் ஏறக்குறைய 155 கலோரி. அதில் 36 எப்படியும் செலவாகியிருக்கும், நாள் கணக்கில் முன்பே வந்துவிட்டது. நடையால் கூடியது 119 மட்டும்.

மூன்றாவது, நடமாட்ட அளவை 1.55 என்று வைத்துவிட்டு அடிகளையும் இணைத்தால் ஒரே உழைப்புக்கு இரண்டு முறை கலோரி கிடைக்கிறது. எனவே செட்டிங்ஸில் உடற்பயிற்சிக் கலோரியைச் சேர்க்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். அந்தத் தேர்வு கட்டணப் பகுதியில் இருந்தால், உணவு ஆப்புக்கும் அடி ஆப்புக்கும் உள்ள இணைப்பையே துண்டியுங்கள். இரண்டும் தனித்தனியே ஓடட்டும்.

10. அடிகளும் பயிற்சியும்

10,000 அடி என்ற இலக்கு ஆய்விலிருந்து பிறந்ததில்லை. 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. முதல் வாரச் சராசரி 3,500 என்றால் அடுத்த வாரம் 4,500 வையுங்கள். ஒவ்வொரு வாரமும் 500 முதல் 1,000 வரை கூட்டினால் போதும். ஒரேயடியாக 10,000க்குத் தாவினால் குதிகால் வலியும் முழங்கால் வலியும் வரும், இரண்டு வாரம் முடங்குவீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சொல்கிறது.

மிதமானதா என்று தெரிய வாட்ச் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமானது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு செயற்கையாகக் குறைந்திருக்கும். ஆப்பின் துடிப்பு மண்டலங்களை எட்டப் பார்க்காமல் இந்தப் பேச்சுச் சோதனையையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடத் தொடங்க விரும்புவோருக்கு, ஓடியே பழகாதவரைப் படிப்படியாக 5 கி.மீ. ஓட வைக்கும் கவுச் டு 5கே திட்டம் நல்லது. ஒன்பது வாரம், வாரம் மூன்று நாள், இடையே ஓய்வு நாள். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள். ஆப் அடுத்த வாரத்துக்கு இழுத்தாலும் போக வேண்டியதில்லை.

எடை தூக்கும் பயிற்சியில் பதிய வேண்டியது எடை, எண்ணிக்கை, சுற்று. மூன்று சுற்றிலும் 12 முறை சுத்தமாகத் தூக்க முடிந்த பிறகே அடுத்த சிறிய எடைக்குப் போங்கள். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை நீர் பிடிப்பதால் எடை மெஷின் ஏறலாம், பயப்பட வேண்டாம்.

11. எடை பார்ப்பது

காலையில், கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்கும் முன், கடினமான தரையில் வைத்த மெஷினில். விரிப்பின் மேல் வைத்தால் எண் தவறும். தினமும் பதிந்துவிட்டு, அன்றைய எண்ணை மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியது வாரச் சராசரி. முந்தைய நாள் உப்பு கூடினால் நீர் சேரும். உடலில் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (மாவுச்சத்தின் சேமிப்பு வடிவம்) ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உணவைக் குறைத்த முதல் வாரம் ஒன்று, ஒன்றரைக் கிலோ சரிவதும், ஒரு விருந்துக்குப்பின் மறுநாள் ஏறுவதும் இதனால்தான். மாதவிடாய் வரும் பெண்கள் இந்த வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடாமல், சென்ற சுழற்சியின் இதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

இடுப்பளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எடை நின்று, இடுப்பு குறைந்தால் கொழுப்பு குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

12. ஆறு வாரம் முடிந்ததும்: ஆப்பின் எண்ணைத் திருத்துங்கள்

இதைச் செய்யாவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் பாதிதான் பலன் தரும். உணவைக் குறைத்த முதல் வாரத்தை நீர் இழப்புக்காக ஒதுக்கிவிட்டு, அடுத்த 28 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்கள் வேண்டும்: அந்த நாள்களில் பதிந்த கலோரியின் சராசரி, ஒதுக்கிய வாரத்தின் கடைசி மூன்று நாள் சராசரி எடைக்கும் 28 நாளின் கடைசி மூன்று நாள் சராசரி எடைக்கும் உள்ள வித்தியாசம்.

முன்பு சொன்ன பெண் சராசரியாக 1,450 பதிந்து, 28 நாளில் 0.9 கிலோ இறங்கியிருந்தால்: 0.9 × 7,700 ÷ 28 = ஏறக்குறைய 250. 1,450உடன் 250 கூட்டினால் 1,700. எடை ஏறாமல் இறங்காமல் இருக்க அவருக்குத் தேவையான கலோரி இதுதான், சூத்திரம் சொன்ன 1,631 இல்லை. இனி வாரம் 300 கிராம் குறைய வேண்டுமென்றால் தினம் 330 வெட்டி, 1,370 என்று இலக்கை ஆப்பில் கையால் போட வேண்டும்.

நீங்கள் பதியும்போது தினம் நூறு கலோரி விட்டுப்போகிறது என்றாலும் இந்தக் கணக்கு வேலை செய்யும். விடையிலும் அதே நூறு விட்டுப்போயிருக்கும், இரண்டும் அடிபட்டுவிடும். அதனால் பதிவு துல்லியமாக இருப்பதைவிட ஒரே மாதிரி இருப்பது முக்கியம். ஒரு வாரம் தராசு, மறுவாரம் கண்ணளவு என்று மாற்றினால்தான் கெடும். 4, 5 கிலோ குறையும்போதெல்லாம் மறுபடி கணக்கிடுங்கள். சிறிய உடம்புக்குச் செலவும் குறைவு.

28 நாளில் ஒன்றுமே இறங்கவில்லை என்றால் உடனே கலோரியை வெட்டாதீர்கள். எண்ணெய், பானம், சமைக்கும்போது ருசி பார்த்தது, சனி ஞாயிறு ஆகிய நான்கையும் ஒரு வாரம் தராசு வைத்துப் பதிந்து பாருங்கள். அதன்பிறகும் அசையாவிட்டால், களைப்பு, முடி கொட்டுவது, குளிர் தாங்காதது போன்றவையும் சேர்ந்திருந்தால், பதிவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தேதி வாரியான ஒரு மாதப் பதிவு அவருக்கு மிகவும் உதவும்.

13. உங்கள் தகவலைக் காப்பது

2018இல் மை ஃபிட்னஸ் பாலின் ஏறக்குறைய 15 கோடி கணக்குகளின் பயனர் பெயர், மின்னஞ்சல், மறைகுறியாக்கப்பட்ட (என்கிரிப்ட் செய்த) கடவுச்சொல் திருட்டுப் போயின. தனி மின்னஞ்சலும் தனிக் கடவுச்சொல்லும் கேட்டது இதற்காகத்தான். ஸ்ட்ராவா என்ற ஓட்ட ஆப் முன்பே வெளியிட்டிருந்த ஓட்டப் பாதை வரைபடத்தில் ராணுவ முகாம்களின் இடங்களே தெரிவது அதே ஆண்டு ஜனவரியில் அம்பலமானது. ஓடும் ஆப்பில் கணக்கைப் பொதுவில் வைக்காதீர்கள். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் தேர்வைப் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு வாசல் வரைபடத்தில் புள்ளியாக நிற்கும். இருப்பிட அனுமதி ‘ஆப் திறந்திருக்கும்போது மட்டும்’ போதும். உணவு ஆப்புக்கு இருப்பிடமோ தொடர்பு எண்களோ தேவையில்லை.

14. நிறுத்தும்போது

விரும்பிய எடைக்கு வந்ததும் பதிவை ஒரே நாளில் விட வேண்டாம். கலோரியை வாரம் 100 வீதம் கூட்டி, பன்னிரண்டாம் படியில் கண்ட சமநிலை எண்ணுக்கு வாருங்கள் (எடை குறைந்திருப்பதால் அதைப் புதிதாகக் கணக்கிட்டபின்). பிறகு உணவுப் பதிவை நிறுத்திவிட்டு, எடையை மட்டும் தொடருங்கள். வாரச் சராசரி 2 கிலோ ஏறினால் இரண்டு வாரம் மறுபடி பதியுங்கள்.

தரவை எடுத்துக்கொண்டு போங்கள். ஐஃபோன் ஹெல்த் ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டால் கடைசியில் எல்லாத் தகவலையும் ஏற்றுமதி செய்யும் தேர்வு இருக்கும். உணவு ஆப்பில் ஏற்றுமதி கட்டணப் பகுதியில் இருக்கலாம்; சந்தா இருந்தால் அது முடியும் முன்பே எடுங்கள். ஃபோன் மாற்றும்போது கவனம்: ஐஃபோனைக் கணினியில் மறைகுறியாக்கம் இல்லாமல் பேக்கப் எடுத்தால் ஹெல்த் தகவல் அதில் வராது.

கடைசியாக, வரிசை தவறாமல்: தரவை ஏற்றுமதி செய்யுங்கள், சந்தாவை ரத்து செய்யுங்கள், ஹெல்த் ஆப்பிலோ ஹெல்த் கனெக்டிலோ கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுங்கள், ஆப்புக்குள்ளேயே கணக்கை அழியுங்கள், அதற்கான உறுதி மின்னஞ்சல் வந்ததும் ஆப்பை நீக்குங்கள். முதலில் ஆப்பை நீக்கிவிட்டால் மற்ற நான்கு வேலையும் செய்யப்படாமலே கிடக்கும்.